ரயிலுக்கு மாடி கட்டினால் வெயிட்டிங் லிஸ்ட் குறையுமா? டபுள் டெக்கர் ஸ்லீப்பர் ஏன் கைகொடுக்காது?

தீபாவளி, பொங்கல் டிக்கெட் புக்கிங் தொடங்கிய சில நிமிடங்களில் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். உடனே சமூக வலைதளங்களில் ஒரு யோசனையும் தவறாமல் வரும்: "ஸ்லீப்பர் கோச்சுக்கும் ஒரு மாடி கட்டிட வேண்டியதுதானே?" கேட்க நல்லாத்தான் இருக்கிறது. டேப்பை எடுத்து அளந்தால்தான் சிக்கல்.

ரஷ்யாவில் 2013-ல் மாஸ்கோ - அட்லெர் வழித்தடத்தில் டபுள் டெக்கர் படுக்கை ரயில் வந்தது. நான்கு பேர் அறைகள் கொண்ட சாதாரண பெட்டியில் 36 பெர்த். மாடிப் பெட்டியில் 64. இரட்டிப்பு என்றால் 72 வரணுமே, மீதி 8 எங்கே? படிக்கட்டும் மற்ற வசதிகளும் தின்றுவிட்டன. இத்தனைக்கும் அந்தப் பெட்டியின் உயரம் 5.25 மீட்டர். அப்படியும் மேல் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது. லக்கேஜுக்கு இருந்த மேல் பரணும் போச்சு.

இந்தியாவில் எல்.எச்.பி. பெட்டியின் உயரமே சுமார் 4 மீட்டர்தான். டபுள் டெக்கருக்காகக் கொஞ்சம் உயர்த்தியும் 4.5 மீட்டரைத் தொடவில்லை. மேலே மின்கம்பி, பாலம் எல்லாம் இருக்கிறதே. அதனால் இரு சக்கரத் தொகுதிகளுக்கு நடுவே தரையைத் தாழ்த்தித்தான் கீழ்த்தளம் போடுகிறார்கள். சக்கரங்களுக்கு மேலே வரும் இரு முனைகளிலும் மாடிக்கு வழியில்லை.

ஜப்பான் இதே உயரத்தில் சமாளிக்கிறதே என்று கேட்கலாம். 1998 முதல் ஓடும் 'சன்ரைஸ் எக்ஸ்பிரஸ்' ரயிலின் உயரமும் சுமார் 4 மீட்டர்தான். ஆனால் அதில் பெரும்பாலானவை ஒருவர் அறைகள். மாடியில் ஒரு படுக்கை, கீழே ஒரு படுக்கை. ஆக, இரண்டு அடுக்கு. நம்ம 3ஏசி பெட்டி மாடியே இல்லாமல் மூன்று அடுக்கில் 72 பேரைப் படுக்க வைக்கிறது! தளத்துக்கு இரண்டு பெர்த் என்று மாடி கட்டினால் நான்கு அடுக்காகும். கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஓர் அடுக்கில் பெரும்பகுதியை படிக்கட்டும் இரு முனைகளும் விழுங்கிவிடும்.

உட்காரும் பெட்டி என்றால் கதையே வேறு. ஏசி சேர் காரில் 78 இருக்கை. சென்னை - பெங்களூரு டபுள் டெக்கர் பெட்டியில் 120. பகல் பயணத்துக்கு இது லாபம்தான். இரவுப் பயணத்தில் பெட்டி, தலையணை, தூக்கக் கலக்கத்தோடு படியேறும் தாத்தா பாட்டி எல்லாரும் கணக்கில் வருகிறார்கள்.

மாடி இல்லாமலே நெருக்கும் வேலை ஏற்கெனவே நடந்தாயிற்று. 3ஏசி எகானமி அறிமுகமானபோது ஒரு பெட்டியில் 83 பெர்த். இதற்கு மேல் பெட்டிக்குள் இடம் தேடுவதைவிட, கூட்ட நாட்களில் கூடுதல் ரயில் விடுவதும் அதற்குத் தண்டவாளம் போடுவதும்தான் வழி. செலவு அதிகம்தான், மாடி கட்டுவதற்காக ஊர் ஊராகப் பாலத்தையும் மின்கம்பியையும் உயர்த்துவது மட்டும் இலவசமா என்ன?