ஜீன்ஸும் காட்டன், வேட்டியும் காட்டன்... வித்தியாசம் எங்கே? இடைக்கால ஐரோப்பா சொல்லும் நெசவுப் பாடம்

கடையில் ஒரு சட்டையைக் கையில் எடுத்ததும் பலரும் தேடுவது உள்ளே தைத்திருக்கும் லேபிளைத்தான். '100% காட்டன்' என்று இருந்தால் மனசுக்கு நிம்மதி. ஆனால், வேட்டியும் காட்டன்தான், ஜீன்ஸும் காட்டன்தான். ஒன்று லேசான காற்றுக்கே பறக்கும்; இன்னொன்று வருஷக்கணக்கில் போட்டுத் தேய்த்தாலும் கிழியாது. நூலின் தடிமன் ஒரு காரணம். இன்னொரு காரணம் லேபிளில் இருப்பதே இல்லை. அதுதான் நெசவு.

காசு கொடுத்து வாங்குபவருக்கு இந்த விவரம் கட்டாயம் தெரிய வேண்டும். துணி எப்படி நெய்யப்பட்டது என்பதை இடைக்கால ஐரோப்பா எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டது என்று பார்த்தால், இது ஒன்றும் பெரிய கோரிக்கை இல்லை என்பது புரியும்.

அடிப்படை மூன்றுதான்

தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. ஊடை ஒரு பாவுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போனால் அது சாதா நெசவு. வேட்டி இந்த ரகம். இரண்டுக்கு மேலே, இரண்டுக்குக் கீழே போய், ஒவ்வொரு வரியிலும் ஒரு நூல் தள்ளித் தொடங்கினால் துணியில் சாய்கோடுகள் விழும். இது ட்வில் நெசவில் ஒரு வகை. ஜீன்ஸும் ட்வில் குடும்பம்தான். நான்கு, ஐந்து நூல்களைத் தாண்டி மிதந்துபோய் ஒரே இடத்தில் மட்டும் பின்னினால் பளபளப்பான சாட்டின் கிடைக்கும்.

சாட்டின் என்றால் பட்டு என்று நினைப்பவர்கள் நிறைய. அது நெசவின் பெயர், நாரின் பெயர் இல்லை. பாலியஸ்டரிலும் சாட்டின் நெய்யலாம்.

துணியே பணம்

இடைக்கால ஐஸ்லாந்தில் 'வத்மால்' என்ற கம்பளித் துணி பணமாகவே புழங்கியது. பாவு நூல்களில் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட செங்குத்துத் தறியில், பெண்கள் நெய்த ட்வில் அது. 6 முழம் வத்மால், கணக்கில் ஓர் 'அவுன்ஸ்' மதிப்பு. துணியே காசு என்றால் ஏனோதானோ என்று நெய்ய முடியுமா? அதற்கும் சட்டத்தில் அளவுகோல் இருந்தது.

கிரீன்லாந்தில் குடியேறிய நார்ஸ் மக்களும் இதே ட்வில்லைத்தான் நம்பினார்கள். 1921இல் டென்மார்க் ஆய்வாளர் போல் நோர்லுண்ட், ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தின் இடுகாட்டைத் தோண்டியபோது, உறைந்த மண்ணுக்குள் அவர்களின் அங்கிகளும் முக்காடுகளும் கிடைத்தன. சவப்பெட்டிக்கு மரம் அரிது; இறந்தவர்களை உடைகளிலேயே சுற்றிப் புதைத்திருந்தார்கள். கிரீன்லாந்துத் துணிகள் பலவற்றில் பாவைவிட ஊடை அதிகம். குளிருக்கு ஏற்ற மாதிரி நெருக்கி அடித்த நெசவு அது. சினிமாவில் இடைக்கால ஏழைகள் என்றாலே சாக்குப்பை மாதிரி ஒன்றை மாட்டிவிடுகிறார்களே, அந்தக் காட்சிக்கு இந்த அங்கிகளே பதில்.

கோடு மறைந்த கதை

காலால் மிதித்து ஓட்டும் கிடைத்தறி, சுமார் 11ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவத் தொடங்கியது. வேலை வேகமானது. இங்கிலாந்திலும் ஃபிளாண்டர்ஸிலும் அகலமான கம்பளித் துணி பெரிய வியாபாரமானது. நெய்த துணியை நனைத்து, மிதித்தோ நீராலையில் அடித்தோ இறுக்கி, மேலே ரோமம் எழுப்பி, கத்தரித்துச் சமப்படுத்துவார்கள். கடைசியில் உள்ளே இருக்கும் நெசவே கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் எதற்குக் கஷ்டப்பட்டு ட்வில் போட வேண்டும்? லண்டன் அகழாய்வுகளில் கிடைத்த துணிகளில், 14ஆம் நூற்றாண்டுக்குள் சாதா நெசவின் கை ஓங்கிவிட்டது தெரிகிறது.

நெசவு கண்ணுக்குத் தெரியாவிட்டால் வாங்குபவர் எதை நம்புவது? அங்கேயும் சட்டம்தான் வந்தது. 1215இன் மாக்னா கார்ட்டாவில், அரசனின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட அதே ஆவணத்தில், துணியின் அகலம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது.

ஒரு வரி போதும்

"இதெல்லாம் சாதாரண ஆளுக்கு எதுக்கு, புரியாதே" என்று கம்பெனிகள் சொல்லலாம். ஆனால் 'ட்வில் பேண்ட்', 'சாட்டின் பெட்ஷீட்' என்று விளம்பரம் செய்யும்போது மட்டும் எப்படிப் புரிகிறது? விற்பதற்கு உதவும் சொல், வாங்குபவருக்கும் உதவட்டும். நாரின் பெயருக்குக் கீழே நெசவின் பெயரையும் அச்சடிக்க ஒரு வரி போதும்.

அது வரும்வரை கண்ணே லேபிள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாய்கோடு தெரிந்தால் ட்வில். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சாதா நெசவு. ஒரு பக்கம் மட்டும் வழுவழுவென்று மின்னினால் சாட்டினாக இருக்கலாம், நகம் பட்டால் நூல் இழுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் விலையைப் பாருங்கள்.