பாக்கெட் சிறுத்தால் திறமை பெருகுமா?

"மேசை கடினமாக இருந்தால்தான் உண்மையிலேயே சிறந்தவர் ஜெயிப்பார்." நைன் பால் என்னும் ஒன்பது பந்து பூல் ஆட்டத்தை ஆடுகிறவர்கள், போட்டி நடத்துகிறவர்கள், பார்க்கிறவர்கள் என எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. பூல் டேபிளில் பாக்கெட்டின் வாய் அகலமாக இருந்தால் யார் வேண்டுமானாலும் பந்தைப் போட்டுவிடலாம், அதைக் குறுக்கினால் அரைகுறைகள் உதிர்ந்து தேர்ந்தவர் மட்டும் நிற்பார் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையில் கால்பங்கு உண்மை இருக்கிறது. அந்தக் கால்பங்கை வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் நீளும் தொழில்முறைப் போட்டிகளிலும் பாக்கெட்டை இறுக்கச் சொல்கிறார்களே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன். அது தேவையற்றது, ஆட்டத்துக்குக் கேடும் செய்கிறது.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். சர்வதேச விதிப்படி மூலைப் பாக்கெட்டின் வாய் 4½ முதல் 4⅝ அங்குலம். இரண்டு பந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சரியாக 4½ அங்குலம் வரும். பழைய மேசைகளில் 5 அங்குல வாய் சாதாரணம். இப்போது பெரிய போட்டிகளில் 4¼, 4 அங்குலம் என்று இறங்கி வந்திருக்கிறார்கள். 4½ அங்குல வாயில் பந்து போக மிஞ்சும் இடம் 57 மில்லிமீட்டர். 4 அங்குலத்தில் 44. அரை அங்குலம் குறைத்ததில், பிழைக்கு இருந்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பறிபோகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். ஒரு கணக்குக்காக, எளிய மேசையில் ஒருவர் நூறு பந்துக்கு 98 போடுகிறார், இன்னொருவர் 97 போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பந்தையும் விடாமல் போட்டு முடிக்கும் வாய்ப்பு முதலாமவருக்கு நூற்றுக்கு 83, இரண்டாமவருக்கு 76. மேசையை இறுக்கி இருவரின் தவறுகளையும் மூன்று மடங்காக்கினால் 98 என்பது 94 ஆகும். 97 என்பது 91 ஆகும். ஒன்பது பந்தையும் முடிக்கும் வாய்ப்போ 57, 43 என்று பிரிந்துவிடும். ஏழாக இருந்த இடைவெளி பதினான்கு ஆகிவிட்டது. "பார்த்தீர்களா?" என்பார்கள்.

பார்த்தேன். ஆனால் அவர்கள் கணக்கைப் பாதியில் நிறுத்துகிறார்கள். தவறிய பின் என்ன நடக்கிறது? எளிய மேசையில் முதலாமவர் முதல் பந்தையே விட்டால், எதிராளி எழுந்து வந்து நான்கில் மூன்று முறை ரேக்கையே, அதாவது அந்தச் சுற்றையே, முடித்துவிடுவார். விட்டவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இறுகிய மேசையில் அந்த எதிராளி பாதி முறைகூட முடிக்கமாட்டார். அவரும் விடுவார், இவருக்கு மறுபடி வாய்ப்பு வரும். விட்ட பந்து பாக்கெட் விளிம்பில் தொங்கி நிற்கும். கேரம் ஆடியவர்களுக்கு அது தெரியும்: அடித்தவர் விட்ட காய், அடுத்தவருக்குப் பரிசு. யாருக்கு எந்தப் பந்து தொங்கும் என்பதைத் தீர்மானிப்பது திறமையைவிட அதிர்ஷ்டமே. ஆக, தவறை மன்னிக்காத மேசை எது? எல்லோரும் எளியது என்று ஒதுக்குகிற மேசைதான். இறுகிய மேசை தவறுகளைப் பெருக்குகிறது. ஒவ்வொரு தவறுக்கும் உள்ள தண்டனையைக் குறைக்கிறது. இதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சிறந்தவர் ஒரு ரேக்கை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 54-லிருந்து 60-க்குள்தான் ஏறுகிறது.

சரி, அந்த 60-ஐ முழுதாகவே கொடுத்துவிடுகிறேன். முதலில் ஒன்பது ரேக் எடுப்பவர் வெற்றி என்ற குறும்போட்டியில், எளிய மேசையில் சிறந்தவர் வெல்லும் வாய்ப்பு 63. இறுகிய மேசையில் 80. இங்கே பாக்கெட் உதவுகிறது, மறுக்கவில்லை. இனி மேசையைத் தொடாமல், அதே எளிய மேசையில், அதே 54-ஐ வைத்துக்கொண்டு, முதலில் 120 ரேக் எடுப்பவர் வெற்றி என்று நீட்டிப் பாருங்கள். வாய்ப்பு 89 ஆகிறது. ஃபார்கோ தரப்புள்ளி முறையில் நூறு புள்ளி உயர்ந்தவர், எதிராளி ஒரு ரேக் எடுக்கும்போது இரண்டு எடுப்பார். 54 என்பது அந்தக் கணக்கில் வெறும் 23 புள்ளி வித்தியாசம். அவ்வளவு மெல்லிய வித்தியாசத்தையே நெடும்போட்டி கண்டுபிடித்துவிடுகிறது. பாக்கெட்டை இறுக்கிக் கிடைப்பதைவிட அதிகம், பொறுமையால் கிடைக்கிறது. ஸ்னூக்கர்காரர்கள் இதை அறிந்தவர்கள். ஷெஃபீல்டில் நடக்கும் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் 18 ஃபிரேம் எடுத்தால்தான் கோப்பை. நீளம்தான் அந்தப் பட்டத்துக்குக் கனம் தருகிறது.

இதைவிடப் பெரிய பிழை 'சிறந்தவர்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. நைன் பாலில் பந்தைப் போடுவது பாதி வேலை. அடுத்த பந்துக்கு வெள்ளைப் பந்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதுதான் மறுபாதி. அகலம் போதுமான பாக்கெட்டில் தேர்ந்த ஆட்டக்காரர் பந்தை வாயின் இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ அனுப்பி, வெள்ளைப் பந்தின் கோணத்தையே மாற்றிக்கொள்வார். மேசையின் ஓரத்தை ஒட்டி வரும் பந்தைப் பலமாக அடித்து, வெள்ளைப் பந்தை மூன்று பக்கம் சுற்றவைத்து நினைத்த இடத்தில் நிறுத்துவார். பாக்கெட்டைக் குறுக்கினால் இரண்டும் போய்விடும். பலமாக வந்த பந்தை விளிம்பு துப்பிவிடும். எனவே எல்லோரும் மெதுவாக, நேராக, நடுவாயைக் குறிவைத்து அடிக்கத் தொடங்குவார்கள். சந்தேகம் வந்தால் பந்தை மறைத்து வைத்துவிட்டு உட்காருவார்கள். அப்படிப்பட்ட மேசையில் ஜெயிப்பவர் நேராக அடிப்பதில் சிறந்தவர், ஐயமில்லை. அவரை ஆட்டத்தின் எல்லாக் கலைகளிலும் சிறந்தவர் என்று எப்படிச் சொல்வது? ஒரு திறமைக்கு மட்டும் மதிப்பெண் கூட்டிவிட்டுத் தேர்வு கடினமாகிவிட்டது என்கிறோம்.

நெடும்போட்டியில் இந்த நட்டம் பெருகும். முதலில் 120 எடுக்கும் போட்டி 237 ரேக் வரை நீண்டால், ரேக்குக்கு ஐந்து நிமிடம் வீதம் ஏறத்தாழ 20 மணி நேரம். இறுகிய மேசையில் அதுவே எட்டு நிமிடமானால் 31 மணி நேரத்துக்கு மேல். கடைசி நாளில் அங்கே அளக்கப்படுவது முதுகும் கால்களும் தாங்கும் சக்தி. உடல் உறுதியும் விளையாட்டின் பகுதிதான். ஆனால் அதைச் சோதிக்கப் பன்னிரண்டு மணி நேரத்தைச் செயற்கையாகக் கூட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று: மேசையின் கடினம் வாயின் அகலத்தில் மட்டும் இல்லை. விளிம்பு ரப்பரின் கோணம், வாய்க்கும் குழிக்கும் இடையே உள்ள பலகையின் ஆழம், துணியின் வேகம், காற்றின் ஈரம், பந்தின் சுத்தம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஒரே 4½ அங்குலம் காட்டும் இரண்டு மேசைகள் இரண்டு விதமாக ஆடும். புதுத் துணியில் பந்து வழுக்கிக்கொண்டு உள்ளே விழும். இரண்டு நாள் ஆடிய பின் அதே துணி பந்தைப் பிடிக்கும். 2006-இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் நடந்த ஐபிடி உலக ஓப்பன் எயிட் பால் போட்டிக்கு மெதுவான துணி விரித்தார்கள். வென்றவர் பிலிப்பைன்ஸின் 52 வயது எஃப்ரென் ரேயஸ். துணிக்குத் தக்கபடி கையை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர். மாறும் மேசையைப் படிப்பதும் திறமைதான், நெடும்போட்டி அதைத் தானாகவே சோதிக்கிறது.

ஆகவே போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். குறும்போட்டிகளில் பாக்கெட்டை ஓரளவு இறுக்குங்கள், அங்கே அதற்கு நியாயம் உண்டு. நெடும்போட்டிகளை விதியில் சொன்ன 4½ அங்குலத்திலேயே நடத்துங்கள். வாயின் அளவோடு கோணம், ஆழம், துணி எல்லாவற்றையும் ஆட்டத்துக்கு முன்பே அறிவியுங்கள்.

1996-இல் ஹாங்காங்கில், ஒரு லட்சம் டாலர் முழுவதும் வென்றவருக்கே என்று, அதே எஃப்ரென் ரேயஸும் அமெரிக்காவின் எர்ல் ஸ்ட்ரிக்லாண்டும் மூன்று நாள் மோதினார்கள். முடிவு 120-117, ரேயஸுக்கு. உலகின் இரண்டு மாபெரும் ஆட்டக்காரர்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் மூன்றே ரேக். அந்த மூன்றைக் கண்டுபிடிக்க 237 ரேக் ஆட வேண்டியிருந்தது. இன்றும் அந்தப் போட்டியைப் பற்றிப் பேசுவது அதனால்தான். அளவு நாடாவைச் சுருட்டி வையுங்கள். நாட்களைக் கூட்டுங்கள்.