பெரிய பதவிக்காரரை விசாரிப்பது யார்?

எட்டயபுரம் ஜமீன் ஒழிந்து வெகுகாலமாயிற்று. ஆனாலும் ராஜாவை யார் கேட்பது என்ற பயம் மட்டும் நம் ஜனங்களை விட்டுப் போகவில்லை. ஜனாதிபதியை விசாரித்து நீக்கச் சட்டத்தில் இடமுண்டு என்றால் இன்னமும் பலர் சிரிக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

நமக்குப் பக்கத்திலுள்ள கயத்தாற்றில் 1799-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி ஒரு விசாரணை நடந்தது. கும்பெனி மேஜர் பானர்மன் தாமே விசாரித்து, தாமே தீர்ப்புச் சொல்லி, கட்டபொம்மனை அன்றைக்கே தூக்கிலிட்டார். அதே கும்பெனியின் கவர்னர் ஜெனரலாயிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது லண்டனில் 1788-ல் தொடங்கிய விசாரணையோ 1795 வரையில் நடந்து விடுதலையில் முடிந்தது. அங்கே குற்றஞ்சாட்டியது காமன்ஸ் சபை. தீர்ப்புச் சொன்னது பிரபுக்கள் சபை. (அன்று எட்டயபுரம் அரண்மனை எந்தப் பக்கம் நின்றது என்பதை நாம் கிளறப் போவதில்லை.)

சாட்டுகிறவன் வேறு, தீர்க்கிறவன் வேறு என்னும் அந்த முறையே நம் அரசியல் சட்டத்தின் 61-வது பிரிவிலும் இருக்கிறது. அரசியல் சட்டத்தை மீறினார் என்பது ஒன்றே ஜனாதிபதி மீது சாட்டக்கூடிய குற்றம். ஒரு சபையின் மெம்பர்களில் நாலில் ஒரு பங்குப் பேர் கையெழுத்திட்டு 14 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மொத்த மெம்பர்களில் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் குற்றச்சாட்டு நிலைக்கும். பிறகு மற்றச் சபை விசாரிக்கும். ஜனாதிபதி நேரில் வரலாம், வக்கீலும் வைக்கலாம். அங்கும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் அன்றே பதவி போயிற்று. இதுவரை எந்த ஜனாதிபதி மீதும் இது பிரயோகிக்கப்படவில்லை.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நமது விளாத்திகுளம் எம்.எல்.ஏ.வுக்கு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஓட்டுண்டு, நீக்க ஓட்டில்லை. ராஜ்யசபையின் நியமன மெம்பருக்கோ தேர்ந்தெடுக்க ஓட்டில்லை, நீக்க ஓட்டுண்டு!

நிற்க. ஏட்டில் உள்ளது காரியத்தில் என்னவாகும் என்பதற்கு ஒரு ஜட்ஜின் கதையே அத்தாட்சி. சென்னை ஹைக்கோர்ட்டிலிருந்து பஞ்சாப்-ஹரியானா ஹைக்கோர்ட்டின் தலைமை ஜட்ஜாகி, பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர் வி. ராமசாமி. சண்டிகரில் தமது உத்தியோக வீட்டுக்குச் சாமான்கள் வாங்கியதில் பொதுப்பணத்தைத் தாறுமாறாகச் செலவிட்டார் என்பது அவர் மீது வந்த புகார். மூன்று பேர் கொண்ட கமிட்டி விசாரித்துப் பல குற்றச்சாட்டுகள் ருசுவானதாகச் சொல்லிற்று. 1993 மே மாதம் லோக்சபையில் அவருக்காக வக்கீல் கபில் சிபல் வாதாடினார். ஓட்டெடுத்தார்கள். நீக்க வேண்டுமென்றவர்கள் 196 பேர். வேண்டாமென்றவர் ஒருவருமில்லை. வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தவர்கள் 205 பேர். பெரும்பாலும் ஆளுங் காங்கிரஸ் கக்ஷியார்.

ஜட்ஜை நீக்க, ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதாது. சபையின் மொத்தத் தொகையில் பாதிக்கு மேலும் வேண்டும். ஆகவே எதிர்த்து ஒரு ஓட்டுக்கூட விழாமலே பிரேரணை தோற்றது! குற்றமில்லை என்று நம்பினால் எழுந்து சொல்வதுதானே? சொன்னால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும்; சும்மா இருந்தாலோ கக்ஷியும் மகிழும், பெயரும் கெடாது. ஜட்ஜ் பதவியில் நீடித்து 1994-ல் ஓய்வு பெற்றார்.

அந்த 205 பேரும் தங்கள் தொகுதிகளுக்குத் திரும்பிப் போனபோது, "அன்றைக்கு ஏன் ஐயா வாயை மூடிக்கொண்டிருந்தீர்?" என்று எத்தனை ஊரில் கேட்டார்கள்?