கைக்குட்டை விழுவதற்கு முன்பே...

ஒத்தெல்லோ மனைவியைக் கொன்றது ஏன்? பலரும் கைக்குட்டையைத்தான் காட்டுவார்கள். 1604இல் லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

கறுப்பினத் தளபதி ஒத்தெல்லோவை வீட்டுக்கு அழைத்து, போர்க்கதைகளை ஆசையாகக் கேட்டவர்தான் வெனிஸ் செனட்டர் பிரபான்ஷியோ. மகள் டெஸ்டிமோனா அவரையே கல்யாணம் பண்ணிக்கொண்டதும், சூனியம் வைத்துவிட்டான் என்று கத்துகிறார். துருக்கியரோடு சண்டை போட ஆள் வேண்டுமே, செனட் சபை வழக்கைச் சட்டென்று முடித்துவிடுகிறது. அப்பாவை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றுவாள் என்று சொல்லிவிட்டுப் போகிறார் பிரபான்ஷியோ.

அதையே பிறகு இயாகோ எடுத்துக் கொடுக்கிறான். தன் ஊர், தன் நிறத்து மாப்பிள்ளைகளை விட்டுவிட்டு உங்களிடம் வந்தாளே, இது இயல்பா என்று கிளறுகிறான். ஆதாரம்? ஒன்றுமே கிடையாது. அவன் நகர்ந்ததும் ஒத்தெல்லோ தனியாக யோசிக்கிறார்: நான் கறுப்பன் என்பதாலா?

கைக்குட்டை கீழே விழுவது அதற்குப் பிறகுதான்.