ஜவான் படுக்க 450 ரூபாய். ஜெனரல் படுக்க 7,500 ரூபாய்!

ராணுவத்தில் ஹவில்தாராக இருக்கும் ஒருவர் டியூட்டி விஷயமாக வெளியூர் போகிறார். போன ஊரில் ராணுவ முகாமில் படுக்க இடம் இல்லை. லாட்ஜில் ரூம் எடுத்துக்கொள் என்று சர்க்கார் சொல்கிறது. அதற்கு ஒரு நாளைக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு தெரியுமா?

450 ரூபாய்!

7-வது சம்பளக் கமிஷன் ரிப்போர்ட்டை வைத்து 2017-ம் வருஷம் போட்ட ரேட் இது. சிப்பாய், நாயக், ஹவில்தார் மூவருக்கும் ஒரே தொகை. நாயப் சுபேதார் ஆகிவிட்டால் 750 ரூபாய். அதே பட்டியலின் உச்சியில் மேஜர் ஜெனரல் இருக்கிறார். அவருக்கு 7,500 ரூபாய்.

2024-ல் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது இந்த ரேட்டுகளை 25 சதவீதம் உயர்த்தினார்கள். 450 என்பது 562 ரூபாய் 50 காசு ஆனது. அந்த 50 காசை இன்றைக்கு எந்த லாட்ஜில் வாங்குகிறார்கள் என்று உத்தரவு போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பதவிக்குத் தகுந்த மரியாதை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஜெனரலும் ஜவானும் ஒரே அறையில் தங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே பட்டியலில் சாப்பாட்டுக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள்.

வயிறு வேறு, தூக்கம் வேறா?

2017 ரேட்டில் சாப்பாட்டுக்கு ஜெனரலுக்கு ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். ஜவானுக்கு 500 ரூபாய். வித்தியாசம் இரண்டரை மடங்குக்குள்தான். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பசி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

படுக்கைக்கு வந்ததும் அந்த யோசனை எங்கே போனது? 450-க்கும் 7,500-க்கும் வித்தியாசம் 16 மடங்குக்கு மேல்! சாப்பிட 500 கொடுத்துவிட்டு, ராத்திரி தங்க 450 கொடுக்கிறார்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை விட ஒரு ராத்திரி ரூம் மலிவாகக் கிடைக்கும் ஊர் இந்தியாவில் எங்கே இருக்கிறது?

ஊருக்குள் அலைய அதே ஜவானுக்கு 2017 ரேட்டில் நாள் ஒன்றுக்கு 113 ரூபாய். சென்டிரலில் இறங்கி ஆவடி டாங்கி தொழிற்சாலைக்குப் போக வேண்டுமானால் எலெக்ட்ரிக் ரெயிலில் போய்விடலாம், காசு மிச்சம். ராத்திரி 11 மணிக்கு டிரங்குப் பெட்டியும் கையுமாக வந்து இறங்கி, பரங்கிமலைக்கு ஆட்டோ கூப்பிட்டால் டிரைவர் என்ன கேட்பார் என்பது சென்னைவாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

பில் எங்கே?

சென்னைக்கு ஒரு சலுகை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூர், ஐதராபாத், ஆமதாபாத், புனே ஆகிய 8 ஊர்களை "எக்ஸ்" நகரம் என்று வைத்திருக்கிறார்கள். இங்கே தங்கினால் கீழ்மட்டத்தில் உள்ளவர்களுக்கும் 1,000 ரூபாய் வரை உண்டு என்று 2017-ல் சொன்னார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: பில் வேண்டும். பில் இல்லாமல் எழுதிக் கொடுத்தால் பழைய 450-தான்.

சென்டிரலைச் சுற்றி, பெரியமேடு சந்துகளில், 1,000 ரூபாய்க்குள் ரூம் கேட்டுப் பாருங்கள். "ரூம் இருக்கு சார், பில்லு கில்லு எல்லாம் கிடையாது" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். ஒழுங்காக அச்சடித்த பில் கொடுக்கும் லாட்ஜில் 1,000 ரூபாய்க்கு ரூம் இல்லை. 1,000 ரூபாய்க்கு ரூம் உள்ள லாட்ஜில் பில் இல்லை. நடுவில் மாட்டிக்கொள்வது ஜவான்தான்.

இது சென்னைக் கதை. ஜம்முவும் பதான்கோட்டும் "எக்ஸ்" நகரங்கள் இல்லை. எல்லைக்குப் போகும் பட்டாளத்தான் கடந்து போகிற ஊர்களில் இந்த 1,000 ரூபாய் பேச்சே கிடையாது. பேங்க் ஆபீசர் போகிற ஊருக்கு ஒரு ரேட், பட்டாளத்தான் போகிற ஊருக்கு ஒரு ரேட்!

"டிரான்சிட் கேம்ப் இருக்கிறதே, லாட்ஜ் எதற்கு?" என்று கேட்கலாம். கேம்ப் இருக்கிற ஊரில், இடம் இருக்கிற நாளில், ஜவான் லாட்ஜ் பக்கம் தலைகூட வைக்க மாட்டார். இடம் இல்லாத நாளுக்குத்தானே இந்தப் படி? அந்த ஒரு நாளுக்குக்கூட உதவாத தொகையை எதற்குச் சட்டப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும்? கைக்காசைப் போட்டுத் தங்குகிறார். அல்லது ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுக்கிறார். 

வாரண்ட் உண்டு, சீட்?

ரெயில் பயணத்துக்குக் காசு பிரச்சினை இல்லை. வருஷாந்திர லீவில் சொந்த ஊர் வந்து போக ஜவானுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கார் செலவில் டிக்கெட் கிடைக்கிறது. முன்பெல்லாம் வாரண்ட் காகிதத்தைக் கவுண்ட்டரில் நீட்டி டிக்கெட் வாங்குவார்கள். இப்போது கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடலாம். நல்ல ஏற்பாடு.

ஆனால் வாரண்ட் டிக்கெட்டுக்குத்தான், சீட்டுக்கு இல்லை. கன்னியாகுமரியில் புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் காஷ்மீர் பக்கம் கத்ரா போய்ச் சேர கிட்டத்தட்ட 3 நாள். வாரத்துக்கு ஒரு முறைதான் ஓடுகிறது. ராணுவத்துக்கு என்று தனி கோட்டா இருக்கிறது, அதுவும் கொஞ்சம்தான். லீவு எப்போது கிடைக்கும் என்று ஜவானுக்கு 2 மாதம் முன்னாலேயே தெரிந்தால் அல்லவா ரிசர்வ் செய்ய? 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் சண்டை மூண்டபோது லீவில் வந்திருந்த வீரர்களை உடனே திரும்பக் கூப்பிட்டார்கள். கல்யாணம் முடிந்த கையோடு கிளம்பியவர்களும் உண்டு. அப்படிக் கிளம்புகிறவருக்குக் கிடைப்பது வெயிட்டிங் லிஸ்ட். கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்த பயணம். வட இந்தியா போகும் ரெயிலில் ஏறியவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். 

இனி வீட்டு வாடகைக்கு வருவோம். பீல்டு ஏரியாவில் இருக்கிற ஜவான் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு ஊரில் வீடு பிடிக்க வேண்டும். சென்னை போன்ற நகரத்தில் 2024 ஜனவரி முதல் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம் வாடகைப் படி. சதவீதம் எல்லோருக்கும் ஒன்றுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் சிப்பாயின் ஆரம்பச் சம்பளம் 21,700 ரூபாய். 30 சதவீதம் போட்டால் 6,510 ரூபாய். ஆவடியில் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு வீட்டுக்கே வீட்டுக்காரர் இதற்கு மேல் கேட்கிறார். அட்வான்ஸ் 3 மாத வாடகை என்று சட்டத்தில் இருக்கிறது. 10 மாதம் என்று புரோக்கர் சொல்கிறார். புருஷன் லடாக்கில் இருக்க, வாசலில் நின்று பேரம் பேசுவது அந்தப் பெண்தான்.

ஒரே வாரத்தில் நடந்தது!

இதையெல்லாம் மாற்ற நாள் ஆகும், பைல் நகர வேண்டும் என்பார்கள். 2019 பிப்ரவரி 14-ந்தேதி புல்வாமாவில் குண்டு வெடித்து சி.ஆர்.பி.எப். வீரர்கள் 40 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் 2 பேர். அவர்கள் பஸ்சில் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரமே, பிப்ரவரி 21-ந்தேதி, டெல்லி-ஸ்ரீநகர், ஜம்மு-ஸ்ரீநகர் மார்க்கத்தில் துணை ராணுவத்தின் கடைசி ஜவான் வரை விமானத்தில் போகலாம் என்று உத்தரவு வந்தது. மனது வைத்தால் ஏழே நாளில் பைல் நகரும் என்பதற்கு அத்தாட்சி வேறு வேண்டுமா? 40 பிணம் விழுந்த பிறகுதான் நகர வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 8-வது சம்பளக் கமிஷனை 2025 நவம்பரில் மத்திய அரசு அமைத்தது. ரிப்போர்ட் கொடுக்க 18 மாதம் அவகாசம். செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ரூம் வாடகை தோளில் உள்ள பட்டையைப் பார்த்து ஏறி இறங்குவது இல்லை. ஊரைப் பார்த்துத்தான் ஏறி இறங்குகிறது. படியையும் ஊரைப் பார்த்துப் போடலாம். சாப்பாட்டுக்கு வைத்த இரண்டரை மடங்கு வித்தியாசத்தையே படுக்கைக்கும் வைக்கலாம். பில் இல்லாதவர் வாயை நம்பி 450 கொடுக்கிறவர்கள், அதே வாயை நம்பி 1,000 கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது.

பேங்க் ஊழியருக்கு யூனியன் இருக்கிறது. ரெயில்வே ஊழியருக்கு இருக்கிறது. கொடி பிடிப்பார்கள், கோஷம் போடுவார்கள், கமிஷன் முன்னால் போய் உட்கார்ந்து கணக்குக் கேட்பார்கள். ஜவான் யூனியன் வைக்க ராணுவச் சட்டம் விடாது. அவருக்காக முப்படைத் தலைமையகம் மனு எழுதும். எழுதுகிறவர்கள் 7,500 ரூபாய்க்காரர்கள். தமிழ்நாட்டில் இருந்து 39 எம்.பி.க்கள் லோக்சபாவில் இருக்கிறார்கள். 450 ரூபாய்க்கு எந்த ஊரில் ரூம் கிடைக்கும் என்று ராணுவ மந்திரியிடம் எழுத்து மூலம் ஒரு கேள்வி போட அவர்களுக்குத் தபால் செலவுகூட ஆகாது.