எஞ்சினை மட்டும் மாற்றினால் போதுமா?



சல்லியில் எமது சுயதொழிற் குழுவைச் சேர்ந்த ஒரு சகோதரியிடம் பழைய ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ் பிக்கப் ஒன்று இருக்கிறது. மாமனார் விட்டுச் சென்றது. யுத்தத்தில் கணவரை இழந்த பிறகு, விடியற்காலையில் மீனையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு உப்புவெளியூடாக நகரச் சந்தைக்குப் போகும் அந்த வண்டிதான் மூன்று பிள்ளைகளுக்கும் சோறு போடுகிறது. தம்பி ஓட்டுகிறார்.

இப்போது அது புகை தள்ளுகிறது, பாரம் இழுப்பதில்லை. பாவித்த யப்பான் டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டலாம் என்று கராச்சில் சொல்லியிருக்கிறார்கள். "நகையை அடகு வைக்கட்டோ மிஸ்?" என்று என்னிடம் கேட்டார். நான் படித்தது சமூகவியல். ஆகவே அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் இருவருமாகப் போனோம்.

எஞ்சின் தேய்ந்ததற்குக் காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். 1990இல் வடக்கிற்குப் பொருளாதாரத் தடை வந்தபின் இந்த வண்டியும் வன்னியில் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கால எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்பதால் தாக்குப்பிடித்தன. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். பிறகு தேய்மானம்தான்.

சரி, டீசல் எஞ்சின்? அது பாரம் கூடியது. முன் ஸ்பிறிங் தாங்க வேண்டும். குறைந்த வேகத்திலேயே அதிக இழுவை தரும். அந்த இழுவை பழைய கிளச், கியர்பெட்டி, பின் அச்சு எல்லாவற்றிலும் விழும். பழைய டிபிரன்சலோடு வேகமாக ஓடினால் எஞ்சின் கத்தும். ஆகவே எஞ்சினை அதற்குரிய ஐந்து கியர்ப் பெட்டியோடு செட்டாக வாங்க வேண்டும், புறொப்பலர் சாவ்ற்றை வெட்டி அளவாக்க வேண்டும் என்றார் மெக்கானிக். இதே ஒஸ்ரினின் உறவுக்கார வண்டியான இந்திய அம்பாசிடருக்கு 1990களில் இசுசு எஞ்சின் வைத்தபோது கொம்பனிக்காரரும் ஐந்து கியர்ப் பெட்டியையும் சேர்த்தே வைத்தார்கள். பிறேக் வேறு. நான்கு சில்லுக்கும் பழைய டிரம் பிறேக், 1489 சிசி பெற்றோல் எஞ்சினுக்கென்று செய்தது.

முதல் கராச்சில் இவற்றில் ஒன்றுமே சொல்லவில்லை. கேட்டபோது தம்பியைப் பார்த்தே பதில் சொன்னார்களாம். காசு கொடுப்பவர் அக்கா!

என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. நாளுக்குச் சில கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு, டீசலில் மிச்சம் பிடித்துச் செலவை மீட்க வருடக்கணக்காகும். இருக்கிற எஞ்சினின் சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டனும் றிங்கும் மாற்ற என்ன செலவு என்றும் கேளுங்கள் என்றேன்.

இன்னொன்று. எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கின்றன. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்த வேண்டும். வாங்கிய பற்றுச்சீட்டைத் தொலைக்கக் கூடாது. இவருடைய புத்தகமோ இன்னும் மாமனார் பெயரில்.

போன கிழமை இரண்டு கணக்கையும் கொப்பியில் எழுதி வாங்கி வந்தார். செட்டாக மாற்றுவதற்கு முதலில் சொன்னதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நகை இன்னும் வீட்டில்தான். இந்த மாதம் பிறேக்கும் பெயர்மாற்றமும். எஞ்சின் வேலையை, மாரியில் மீன்பாடு குறைந்து வண்டி சும்மா நிற்கும்போது பார்க்கலாம் என்கிறார்.