நிரலை அனுப்பினால் போதாது, குறிப்பையும் அனுப்புங்கள்

மாணவர்களே, ஒரு சின்னக் கேள்வி. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? 3 என்பீர்கள். அதையே பைத்தான் மொழியில் நீளத்தைக் கணக்கிடும் 'லென்' கட்டளையிடம் கேட்டுப் பாருங்கள். 5 என்று சொல்லும்.

கணினி தவறு செய்யவில்லை. யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் த, ம, ழ ஆகியவற்றுக்கு எண்கள் இருப்பதுபோல, 'மி'யில் உள்ள இகரக் குறிக்கும் 'ழ்' மேல் உள்ள புள்ளிக்கும் தனி எண்கள் உண்டு. 'லென்' அந்த எண்களைத்தான் எண்ணுகிறது.

பிரிஞ்சாங்கில் நான் கவனித்துக்கொள்ளும் கணினிக் கழகத்தில் சென்ற ஆண்டு மாணவர்கள் குழு குழுவாகத் தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிர் செய்தார்கள். எத்தனை கட்டம் போடுவது என்பதில் எல்லாக் குழுக்களுக்கும் இதே சிக்கல். நான்காம் படிவ மாணவி ஒருவர், குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு எண்ணும் 4 வரி நிரலை எழுதினார். 'தமிழ்' சரியாக 3 ஆனது. அன்றிரவே புலனக் குழுவில் அதைப் பகிர்ந்தார். மற்றவர்கள் அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டார்கள்.

2 மாதம் கழித்து ஒரு குழுவின் புதிரில் 'ஸ்ரீலங்கா' வந்தது. வேண்டியது 4 கட்டம். நிரல் 5 கட்டம் போட்டது. 'ஸ்ரீ' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்குள் அது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. குறிகளை நீக்கினாலும் ஸ, ர என இரண்டு மிஞ்சும். எந்த வரியைத் திருத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எழுதிய மாணவிக்கே மறந்துவிட்டது.

"அதனால்தான் பகிரக் கூடாது என்கிறோம்" என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படிச் சொன்னவன்தான். இன்று என் கருத்து வேறு. அந்த மாணவி பகிர்ந்தது தவறில்லை. பாதியை மட்டும் பகிர்ந்ததுதான் தவறு.

நீங்கள் கைப்பேசியில் தமிழில் எழுதுகிறீர்களே, அதற்குப் பின்னால் பெரிய பகிர்வு இருக்கிறது. 1990களில் கணினித் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டைப் பயன்படுத்தின. ஒருவர் அனுப்பிய மடல், அதே எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். நம் நாட்டின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் உட்படப் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து, 'டிஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதோடு, ஏன் அந்த எண் என்பதையும் பேசினார்கள். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. பிறகு ஒருங்குறி பரவி, டிஸ்கியின் இடத்தைப் பிடித்தது.

இன்று 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நிரல் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் வசதி அதில் உண்டு. அதன் எம்.ஐ.டி. உரிமம் சொல்வது இதுதான்: யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம். ஆனால் எழுதியவரின் உரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது. பகிர்வுக்கும் திருட்டுக்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கிவிட்டது. எடுப்பது குற்றமல்ல, எடுத்த இடத்தை மறைப்பதுதான் குற்றம்.

ஆகவே, அடுத்த முறை நண்பருக்கு நிரல் அனுப்பும்போது 4 வரிக் குறிப்பும் சேர்த்து அனுப்புங்கள். அந்த மாணவியின் நிரலுக்கு அது இப்படி இருந்திருக்கலாம்:

என்ன செய்கிறது: தமிழ்ச் சொல்லின் எழுத்துகளை எண்ணுகிறது.
ஏன் இப்படி: குறிகளுக்கும் புள்ளிக்கும் தனி எண் இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறது.
எங்கே தோற்கும்: தமிழ், மலை, தேயிலை மூன்றில் மட்டும் சோதித்தேன். கிரந்த எழுத்துகளில் சோதிக்கவில்லை.
எங்கிருந்து வந்தது: நானே எழுதியது.

மூன்றாவது வரிதான் எழுதக் கடினம். நம் குறையை நாமே சொல்ல வேண்டுமே! ஆனால் அந்த ஒரு வரி இருந்திருந்தால் 'ஸ்ரீலங்கா' எங்களை ஒரு மாலை முழுக்க அலைக்கழித்திருக்காது.

மதிப்பெண்ணுக்கான செய்பணி என்றால் இன்னொரு விதியும் உண்டு. நிரலை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லையா? அதை உங்கள் பெயரில் ஒப்படைக்காதீர்கள்.

இதில் எனக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வரும் என் மாணவர்கள் சிலரது வீட்டில் கணினி இல்லை. வெறும் நிரலைக் கைப்பேசியில் அனுப்பினால் அவர்களால் அதை ஓட்டிப் பார்க்க முடியாது. காரணத்தோடு எழுதிய குறிப்பைப் படிக்கக் கணினி தேவையில்லை. அதனால் எங்கள் கழகத்தில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். யார் எந்த நுணுக்கத்தைக் கண்டுபிடித்தாலும் அதில் எழுத வேண்டும். யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். முதல் பக்கத்தில் 'ஸ்ரீலங்கா' இருக்கிறது, அந்த மாணவியின் கையெழுத்திலேயே.

உங்களுக்கு ஒரு வேலை. அந்த 4 வரி நிரல் தோற்கும் இன்னொரு கிரந்த எழுத்தும் உண்டு. அதைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் விடையை மட்டும் நண்பருக்குச் சொல்லிவிடாதீர்கள், காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.